கறள் தெரிவது ஓரிடம், இரும்பு கரைவது வேறிடம்

வல்வெட்டித்துறையில் பிறந்து ரொறன்ரோவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "1970களில் வந்த கோர்வெட் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. உடம்பு முழுக்கப் பைபர். எங்கள் ஊர்ப் பைபர் படகு கறள் பிடிப்பதில்லையே, பயப்படாமல் வாங்கலாமா?"

படகை உதாரணம் காட்டியதால் படகிலிருந்தே தொடங்குவோம். பைபர் கறள் பிடிக்காது, உண்மைதான். ஆனால் அதில் இறுக்கிய போல்ட் பிடிக்கும். கடற்கரையில் ஏற்றி வைத்திருக்கும் பழைய படகுகளைச் சுற்றிப் பாருங்கள். போல்ட்டின் தலை மினுமினுக்கும். அதன் கீழே வெற்றிலைச் சாறு வழிந்ததுபோல ஒரு பழுப்புக் கோடு இறங்கும். கழற்றினால் பைபருக்குள் இருந்த பகுதி மெலிந்து ஊசியாகியிருக்கும். 'கறளே பிடிக்காத இரும்பு' என்று சொல்லி விற்றதுகூட இப்படி ஆவதுண்டு. காற்றுப்படும் தலை நன்றாக இருக்க, காற்றே படாத உடம்பு ஏன் தேய்கிறது?

விடைக்கு ஒரு துளி போதும். 1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்பவர் இரும்பின் மேல் ஒரே ஒரு துளி உப்புநீரை விட்டு, நிறங்காட்டிகளைச் சேர்த்துப் பார்த்தார். சற்று நேரத்தில் துளியில் இரும்பு கரையும் நடு நீலமாகவும், ஐதரொட்சைட்டு உண்டாகும் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் மாறின. வரலாறு இவ்வளவு போதும்.

அந்தத் துளியை ஒரு குடும்பமாக நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு ஊர். அங்கே காற்றிலிருந்து ஒட்சிசன் வந்துகொண்டே இருக்கும். இலத்திரன்களைச் செலவழிக்க எப்போதும் ஒரு திருவிழா உண்டு. நடு வெளிநாடு. யன்னல் இல்லாத சமையலறையில் வேலை செய்யும் மகனைப்போல, ஒட்சிசன் எட்டாத அந்த இரும்புக்குத் தன் இலத்திரனைத் தானே செலவழிக்க வழியில்லை. எல்லாவற்றையும் ஊருக்கு அனுப்புகிறது. உலோகம்தான் உண்டியல், பணம் நொடியில் போய்ச் சேரும். ஊர் செழிக்கிறது. மகன் அயனாகிக் கரைகிறான்.

அதோடு விடவில்லை. தனித்துப்போனவனுக்கு ஆறுதல் சொல்ல உப்பிலிருந்து குளோரைட்டு வருகிறது. கூடவே நீர் அமிலமாகிறது. ஆறுதல் சொல்ல வந்து குடிக்கப் பழக்கிவிடும் கூட்டாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமிலம் கூடக்கூட இரும்பு இன்னும் வேகமாகக் கரையும்.

கரைந்த இரும்பு ஊருக்குப் புறப்படுகிறது. விளிம்பில் உண்டான ஐதரொட்சைட்டை வழியிலேயே சந்தித்து, அங்கேயே கறளாகப் படிகிறது. ஊருக்கென்று வெளிக்கிட்டவர் வெள்ளவத்தையில் மாடி வீடு வாங்கித் தங்கிவிட்டதுபோல. உவமையை இதற்கு மேல் இழுத்தால் ரொறன்ரோ வாசகர் அடுத்த கடிதம் எழுதமாட்டார். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: கறள் கண்ணுக்குத் தெரியும் இடமும் இரும்பு தொலைந்த இடமும் ஒன்றல்ல. தொலைந்த இடம் காற்றுப் புகாத இடுக்கு.

இனிக் காருக்கு வருவோம். யாழ்ப்பாணத்து ஏ40 காரில் மேலே தகரம். உள்ளே கறள் வந்தால் பெயின்ட் பொக்குளித்துக் காட்டிக்கொடுக்கும். 1953இலிருந்து பைபர் உடம்போடு வரும் கோர்வெட் காட்டிக்கொடுக்காது. 1970களின் கோர்வெட்டில் பைபருக்குக் கீழே காரைத் தாங்குவது இரும்புச் சட்டம். அதில் முன் கண்ணாடியையும் கதவுகளையும் சுற்றி இன்னோர் இரும்புக் கூடு உண்டு. பழுதுபார்ப்பவர்கள் அதைப் பறவைக்கூண்டு என்பார்கள். தகடுகளை மடித்து, ஒன்றன் மேல் ஒன்று வைத்து ஒட்டவைத்த கூடு. ஒவ்வொரு மடிப்பும் எவன்ஸின் துளிக்கு நடுப்பகுதி. கண்ணாடி ஓரத்தால் கசியும் மழைநீர் அதற்குள் இறங்கும். கனடாவின் குளிர்காலத் தெரு உப்பு கீழிருந்து ஏறும். எழுபத்தைந்து வீத ஈரப்பதனுக்கு மேல் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை உறிஞ்சும். கடற்கரையில் காயப்போட்ட சாரம் இரவில் பிசுபிசுப்பது அதனால்தான். ஆகவே மழை நின்றாலும் மடிப்பு காயாது.

எங்கே பார்ப்பது? கம்பளத்தைத் தூக்கி, கால் வைக்கும் இடத்தின் பக்கப் பலகையைக் கழற்றி, கூடும் சட்டமும் போல்ட்டால் இணையும் இடத்தைப் பாருங்கள். முன் கண்ணாடியின் கீழ் மூலைகள் இரண்டையும் பாருங்கள். பின் சில்லுக்கு முன்னே சட்டம் மேல்நோக்கி வளையும் இடத்தில் சேறு தங்கும். அங்கே திருப்புளியால் குத்திப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்னும், கெட்டது பொருக்காக உதிரும். கதவைத் திறந்து நுனியைப் பிடித்துத் தூக்குங்கள். கதவு ஆடினால் பிணைச்சலோடு கூண்டையும் சந்தேகியுங்கள்.

கருவிகளை நம்பி ஏமாறவேண்டாம். மீயொலித் தடிப்புமானி நல்ல கருவிதான், ஆனால் இரும்பின் மேல் நேரே வைக்கவேண்டும். பைபருக்கும் இரும்புக்கும் இடையில் காற்று இருந்தால் ஒலி அங்கேயே நின்றுவிடும். கறளை மாற்றும் திரவங்கள் மேற்பரப்பைக் கறுப்பாக்கும், மடிப்புக்குள் போகா. மின்சாரத்தால் கறளைத் தடுப்பதாகச் சொல்லும் சின்னப் பெட்டிக்குப் படகு இஞ்சினில் பூட்டும் நாகக் கட்டியை உதாரணம் காட்டுவார்கள். நாகம் காப்பது கடலுக்குள் இருக்கும்போது. நீர்தான் சுற்றை முடித்துவைக்கிறது. காரைச் சுற்றி இருப்பது காற்று.

அனுபவசாலி படகு வாங்கப் போனால் பெயின்ட்டைப் பார்த்து மயங்கமாட்டார். ஒரு போல்ட்டைக் கழற்றித் தரச் சொல்வார். நீங்கள் கம்பளத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால், பார்க்கவேண்டியதைப் பார்த்தாயிற்று.