கோடு தள்ளினால் திமிங்கலம் பிழைக்கும்!

உச்சிப்புளி கடைத்தெருவில் கருவாட்டுக் கூறுகளுக்கு நடுவே சிறு குவியலாகக் கிடக்குமே, சென்னாக்குன்னி! விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பொடி இறாலுக்கும் உலகத்தின் மிகப் பெரிய உயிருக்கும் சொந்தம் உண்டு என்றால் நம்புவீர்களா? இங்கிருந்து தென்கிழக்கே நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில், இலங்கையின் தென்கோடிக் கடலில், நீலத் திமிங்கலங்கள் வாய் கொள்ளாமல் அள்ளி விழுங்குவது அந்தக் குடும்பத்து இறால்களைத்தான்! அவை சாப்பிடப் போகும் அதே தண்ணீரின் மேல்தான் உலகின் மிகப் பரபரப்பான கப்பல் பாதைகளில் ஒன்றும் ஓடுகிறது. அந்தப் பாதையைக் கொஞ்சம் நகர்த்தித் திமிங்கலங்களைக் காப்பாற்ற ஒரு பெரிய வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதன் உள்பக்கத்தைத்தான் எட்டிப் பார்க்கப் போகிறோம், வாருங்கள்!

கைபேசிக்குள் ஒரு கடல்

முதல் எட்டிப் பார்வைக்குப் படகு வேண்டாம், கைபேசி போதும். 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் நாடு விட்டு நாடு போகும்போது ஏ.ஐ.எஸ். என்ற கருவியை வைத்திருக்க வேண்டும். கப்பலின் பெயர், வேகம், போகும் திசை எல்லாவற்றையும் அது ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அதை வாங்கி வரைபடத்தில் போட்டுக் காட்டும் தளங்கள் இணையத்தில் இருக்கின்றன. திறந்து, உச்சிப்புளியைத் தேடுங்கள்.

வடக்கே அரியமான் பக்கம் பாக் நீரிணை, தெற்கே புதுமடம் பக்கம் மன்னார் வளைகுடா. இரண்டு கடலும் கூப்பிடு தூரத்தில் இருந்தும் பெரிய கப்பல் ஒன்றுகூட இரண்டுக்கும் நடுவே கடக்காது. ராமேஸ்வரத்தைத் தாண்டிய மணல் திட்டுகளில் தண்ணீர் அத்தனை குறைவு. பாம்பன் கால்வாயில் தூக்குப்பாலம் உயரும்போது நுழைந்து போவதெல்லாம் சிறு கப்பல்களும் இழுவைப் படகுகளும்தான். அந்தத் திட்டுகளை வெட்டி வழி செய்ய 2005-ல் தொடங்கிய சேதுசமுத்திரத் திட்டமும் பாதியில் நின்றுபோனது. அதனால் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் கப்பல்கூட இலங்கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றித்தான் வர வேண்டும்!

இப்போது வரைபடத்தைக் கீழே நகர்த்துங்கள். இலங்கையின் தென்கோடியில், கடல் வரைபடங்கள் டோண்ட்ரா ஹெட் என்று குறிக்கும் தெவுந்தர முனை வரும். அடேயப்பா! சூயஸ் பக்கமிருந்து வருவது, மலாக்கா நீரிணைக்குப் போவது, வங்கக் கடலுக்குத் திரும்புவது என்று அம்புக்குறிகள் ஒன்றன்பின் ஒன்றாக முனையை ஒட்டி வரிசை கட்டி நிற்கும். அந்த அம்புகளுக்கு அடியில்தான் திமிங்கலங்கள் இருக்கின்றன.

செங்கல் நிறத்தில் ஒரு துப்பு

இரண்டாவது எட்டிப் பார்வை, ஆய்வாளர்களின் படகுக்குள். மற்ற இடங்களின் நீலத் திமிங்கலங்கள் குளிர்ந்த கடலில் சாப்பிட்டுவிட்டு வெதுவெதுப்பான கடலுக்குக் குட்டி போடப் போகும் என்பதே நெடுநாள் பாடம். இலங்கைத் திமிங்கலங்கள் அந்தப் பாடத்துக்கு அடங்கவில்லை. 2003-ல் இலங்கைக் கடலுயிரியலாளர் ஆஷா டி வோஸ் தென்கடலில் அவற்றைப் பார்த்தபோது, தண்ணீரில் செக்கச் செவேல் என்று மிதந்தது என்ன தெரியுமா? திமிங்கலத்தின் சாணம்! சாணம் மிதந்தால் அங்கேயே சாப்பாடு நடக்கிறது என்றுதானே பொருள்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவர் தொடங்கிய ஆய்வு இன்றுவரை தொடர்கிறது. ஓஷன்ஸ்வெல் என்ற அமைப்பையும் அவர் நிறுவியிருக்கிறார்.

அந்தச் சாணத்தை வலையில் வழித்தெடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். 2018-ல் முடிவு வெளிவந்தது. மற்ற கடல்களின் நீலத் திமிங்கலங்கள் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரைத் தின்னும். இங்குள்ளவை பெரும்பாலும் தின்பது செர்ஜெஸ்டிட் இறால், அதாவது நம் சென்னாக்குன்னியின் சொந்தக்காரர்கள்!

ஒவ்வொரு திமிங்கலத்துக்கும் தனி அடையாளமும் உண்டு. முதுகின் திட்டுத் திட்டான நிறம், முதுகுத் துடுப்பின் வளைவு, வால் விளிம்பின் வெட்டுகள் ஆகியவற்றைப் படமெடுத்துச் சேர்த்து வைக்கிறார்கள். அடுத்த பருவத்தில் அதே வால் தலைகாட்டினால் படகில் எத்தனை கொண்டாட்டம் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

அணியத்துக்கு முன்னால் ஏன் சத்தம் இல்லை?

இத்தனை பெரிய உயிர், இத்தனை பெரிய கப்பல் வருவதை அறியாதா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். விடை கப்பலுக்கு அடியில் இருக்கிறது. கப்பலின் சத்தமெல்லாம் பின்பக்கத்து இயந்திரத்திலும் சுழல்விசிறியிலும் பிறக்கிறது. நீண்ட உடல் அதை மறைத்துவிடுவதால் அணியத்துக்கு, அதாவது கப்பலின் முன்முனைக்கு, நேர் முன்னால் சத்தம் குறைந்துபோகிறது. எங்கே ஆபத்து அதிகமோ அங்கேதான் அமைதியும் அதிகம்! கப்பல் நெருங்கிய பிறகும் நீலத் திமிங்கலம் பக்கவாட்டில் விலகி ஓடுவதில்லை, மெதுவாகக் கீழே அமிழ்கிறது என்று கலிபோர்னியாக் கடலில் கருவி பொருத்திப் பார்த்த ஆய்வு சொல்கிறது. முங்கி இரை தேடிவிட்டு மூச்சு வாங்க மேலே வரும் நேரம்தான் மிக மோசமான நேரம்.

2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு கன்டெய்னர் கப்பலின் அணியத்தில், செத்த நீலத் திமிங்கலம் ஒன்று குறுக்கே மாட்டிக் கிடந்தது. அந்தப் படம் உலகை உலுக்கியது. செத்த திமிங்கலங்கள் பெரும்பாலும் மூழ்கிவிடுகின்றன. மோதியதே கப்பலில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் போவதும் உண்டு. அதனால் கரைக்குத் தெரியவரும் சாவுகள் உண்மையில் நடப்பவற்றில் ஒரு பங்குதான். அழியும் ஆபத்தில் உள்ள இனத்துக்கு ஒவ்வோர் உயிரும் கணக்கு.

வரைபட மேசையில் 15 கடல் மைல்

இப்போது எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம்: தீர்வு! ருகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் வெளிநாட்டுத் தோழர்களும் தென்கடலில் நேர்கோடு நேர்கோடாகப் படகு விட்டு, எந்தக் கோட்டில் எத்தனை திமிங்கலம் என்று எண்ணினார்கள். கரையை ஒட்டிய ஆழச் சரிவில் இரை கொழிக்கிறது. திமிங்கலமும் அங்கேதான் குவிகிறது. கப்பல் பாதையும் அதன் மேலேயேதான் போகிறது. தெற்கே போகப் போகத் திமிங்கலம் குறைகிறது. பாதையை 15 கடல் மைல், அதாவது சுமார் 28 கிலோமீட்டர், தெற்கே தள்ளினால் மோதும் ஆபத்து 95 சதவீதம் குறையும் என்று கணக்கு வந்தது. கடலைத் தோண்ட வேண்டாம், சுவர் கட்ட வேண்டாம். ஒரு கோட்டை அழித்துவிட்டுச் சற்றுக் கீழே போட்டால் போதும்! கரையோரம் மீன் பிடிக்கும் சிறு படகுகளுக்கும், மிரிஸ்ஸவில் திமிங்கலம் பார்க்கப் போகும் பயணிகளுக்கும் அதே கோடு பாதுகாப்பு.

நடக்குமா என்று கேட்பவர்களுக்கு இன்னும் ஒரு மகிழ்ச்சியான செய்தி. 2003-லேயே கனடாவின் ஃபண்டி விரிகுடாவில், ரைட் திமிங்கலங்களுக்காகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஒப்புதலோடு கப்பல் பாதை நகர்த்தப்பட்டது. இலங்கையில் 2022-ன் நடுவில், உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் நிறுவனமான எம்.எஸ்.சி., யாரும் கட்டாயப்படுத்தாமலே தன் கப்பல்களைத் தெற்கே 15 கடல் மைல் தள்ளி ஓட்டத் தொடங்கியது. வங்கக் கடல் சரக்குக்காக இலங்கையைச் சுற்றிவரும் அதன் சிறு கப்பல்கள் மணிக்கு 10 கடல் மைலுக்கும் குறைவான வேகத்தில், அதாவது 18 கிலோமீட்டர் அளவில், போக ஏற்பாடாயிற்று. மெதுவாகப் போனால் திமிங்கலத்துக்குக் கீழே அமிழ நேரம் கிடைக்கும், மோதினாலும் அடி குறையும்.

ஆனால் விருப்பப்பட்டவர் மட்டும் தள்ளிப் போனால் போதாது. பாதை எல்லோருக்கும் மாற வேண்டுமானால் இலங்கை அரசு முறைப்படி முன்மொழிந்து, லண்டனில் உள்ள சர்வதேசக் கடல்சார் அமைப்பு அதை ஏற்க வேண்டும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நம் பக்கம் சும்மா இருக்க வேண்டியதில்லை. சென்னையிலும் தூத்துக்குடியிலும் சரக்கு ஏற்றுகிற ஏற்றுமதியாளர்களே, கப்பலில் இடம் பிடிக்கும்போது ஒரே ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: “தெவுந்தர முனையில் உங்கள் கப்பல் எந்தக் கோட்டில் போகிறது?” பணம் கட்டுகிறவர் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விக்குக் கப்பல் கம்பெனிகள் பதில் தேடித்தான் தீர வேண்டும்.