பதுளை மலையில் ஸ்போர்ட்ஸ் கார்: வாங்குவதும் மாற்றியமைப்பதும் இறக்கத்தில் நிறுத்துவதும்

2024 ஏப்ரல் 21, ஞாயிற்றுக்கிழமை. தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ஓடுபாதையில் ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு மோட்டார் பந்தயம் நடந்தது. புத்தாண்டு விடுமுறை முடியும் நேரம் என்பதால் பெருங்கூட்டம். ஒரு கார் கவிழ்ந்து, பின்னால் வருபவர்களை வேகம் குறைக்கச் சொல்லி மஞ்சள் கொடி காட்டிக்கொண்டிருந்த வேளையில், இன்னொரு கார் பாதையை விட்டு விலகிப் பார்வையாளர்கள் நின்ற பக்கம் பாய்ந்தது. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் 8 வயதுச் சிறுமி ஒருத்தியும், பந்தய உதவியாளர்கள் நால்வரும் அடக்கம். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

அந்தச் செய்தியோடு மலையகத்தில் கார்ப் பந்தயப் பேச்சு அடங்கிவிடவில்லை. பண்டாரவளை, வெலிமடை, ஹாலி-எல பக்கம் ஞாயிறு பின்னேரங்களில் சைலன்சர் மாற்றிய லான்சரின் உறுமல் இன்னும் கேட்கிறது. கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைத்துவிட்டு வரும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு முச்சக்கரவண்டிக்கு அடுத்த கனவு இதுதான். கனவைக் குறை சொல்வது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. நூற்றைம்பது ஆண்டுக்கும் மேலாக அந்த வீதிகளை வெட்டிப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அதில் சொந்தக் காரில் போக ஆசைப்படுவதில் என்ன பிழை? நுவரெலியாவில் மஹகஸ்தொட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியபோது கார் துரைமாருக்கு உரியது. லயத்தில் பிரசவ வலி வந்தால் கொழுந்து லொறிதான் அம்புலன்ஸ். பல தோட்டங்களில் இன்றும் அதே நிலைதான்.

ஆனால் இந்த மலையில் அப்படியொரு காரை வைத்திருப்பது என்றால் என்ன என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. விற்பவர் சொல்லமாட்டார். கராஜ்காரரும் பெரும்பாலும் சொல்லமாட்டார்.

முதலில் எந்தக் கார் என்ற கேள்வி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. உற்பத்தித் தீர்வை எஞ்சினின் கொள்ளளவைப் பார்த்து ஏறுகிறது. அதன்மேல் சுங்கத் தீர்வை, ஆடம்பர வரி, 18 வீத பெறுமதிசேர் வரி. எனவே ஜப்பானில் சாதாரண ஆள் வாங்கும் இரண்டு லீற்றர் ஸ்போர்ட்ஸ் கார், இங்கே வந்து இறங்கும்போது வீடு கட்டும் செலவையும் தாண்டி நிற்கிறது. 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆகவே பதுளையில் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இருபது, முப்பது வருடப் பழைய லான்சர், சிவிக், அல்லது ஸ்டார்லெட். அதை வாங்கி, பதித்து, சில்லை மாற்றி, சைலன்சரை மாற்றி எடுப்பார்கள். மாற்றியமைப்பதுதான் ஏழையின் ஸ்போர்ட்ஸ் கார்.

மாற்றியமைப்பது தமிழனுக்குப் புதிதுமல்ல. 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்து, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டபோது, மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்து, காபுரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் மணமும் ஊரையே நிறைக்கும். அது ஏன் சாத்தியமானது என்பதில் இன்றைய கார்காரருக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் 7 அல்லது 8 அளவுதான். அதனால் தரம் குறைந்த எரிபொருளையும் அவை பொறுத்துக்கொண்டன. இன்றைய மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற காரில் அந்த விகிதம் 13. அதற்குள் தரம் குறைந்த எண்ணெய் போனால், தீச்சுவாலை போய்ச் சேரும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடித்து பிஸ்டனைத் தட்டும். டர்போ பூட்டிய எஞ்சினுக்கும் இதே ஆபத்து உண்டு. அதற்கு ஒக்டேன் 95 பெற்றோல் வேண்டும், அது எல்லா நிரப்பு நிலையங்களிலும் கிடைக்காது. மடுல்சீமையிலோ லுணுகலையிலோ இருப்பவர் பதுளை நகரத்துக்கு வந்து அடித்துக்கொண்டு போகவேண்டி வரலாம். 2022 ஓகஸ்டில் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் கொடுத்தார்கள். மலை ஏறி இறங்கும் டர்போ காருக்கு அது எத்தனை நாளைக்குக் காணும் என்று வைத்திருந்தவர்களுக்குத் தெரியும்.

உயரமும் எஞ்சினோடு விளையாடும். பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,230 மீற்றர். நூறு மீற்றருக்கு ஒரு வீதம் என்ற கணக்கில், டர்போ இல்லாத எஞ்சின் அங்கே தன் பலத்தில் பன்னிரண்டு வீதமளவை இழந்துவிடும். காற்று ஐதாக இருப்பதே காரணம். காபுரேற்றர் வைத்த பழைய காரில் காற்றுக் குறைந்து பெற்றோல் கூடிவிடும். கறுப்புப் புகை தள்ளும், பிளக் கரிபிடிக்கும். கொழும்பில் நன்றாக ட்யூன் பண்ணிய கார் ஹப்புத்தளையில் இருமுவது இதனால்தான். அதற்காக கராஜில் எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. ஜெட்டை மாற்றினால் போதும்.

அடுத்தது காரைப் பதிப்பது. ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றை வெட்டினால் கார் தாழ்ந்து அழகாக நிற்கும், செலவும் இல்லை. ஆனால் வெட்டிய ஸ்பிரிங் குறுகுவதோடு இறுகியும் போகிறது. சில்லு மேலே கீழே அசையும் தூரம் குறைகிறது. குழியில் விழும்போது ஷொக் அப்சோர்பர் அடிமட்டத்தில் போய் மோதும். அந்தக் கணத்தில் டயர் தரையை விட்டு எழும்பும். நேர் வீதியில் அது ஒரு குலுக்கல், முடக்கில் என்றால் கார் பள்ளத்தை நோக்கிப் போகும். தோட்டத்து வீதிகளை நினைத்துப் பாருங்கள். இரண்டு தடத்துக்கு மட்டும் கொங்கிரீட், நடுவில் கல்லும் புல்லும், குறுக்கே கான். எஞ்சின் ஒயில் சம்ப் இடித்து உடைந்தால் அந்த இடத்திலேயே எஞ்சின் போய்விடும். நமுனுகுல பக்கம் லயத்து வாசலுக்குக் கார் போகவேண்டுமென்றால் காரைப் பதிக்காதீர்கள். பதித்தே தீருவேன் என்பவர், உயரம் குறைத்துச் செய்யப்பட்ட முழு ஸ்பிரிங்கையும் அதற்கேற்ற ஷொக் அப்சோர்பரையும் சோடியாக வாங்கிப் போடட்டும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பதுளை மாவட்டத்தில் எத்தனையோ வீதிகள் மண்சரிவில் அறுந்தன. அந்த நாட்களில் பயன்பட்டவை உழவு இயந்திரமும் பழைய ஜீப்பும்தான்.

இப்போது பிரேக். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும், வடக்கிலும் கிழக்கிலும் இருந்து விடுமுறைக்கு வேன் பிடித்து எல்ல பார்க்க வருபவர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து வந்து காரை வாடகைக்கு எடுப்பவர்களுக்கும் சேர்த்து.

எல்ல 1,041 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய ஏறத்தாழ 200 மீற்றர். இருபத்தைந்து கிலோமீற்றரளவு வீதியில் 800 மீற்றருக்கு மேல் இறங்குகிறோம். 1,200 கிலோ எடையுள்ள ஒரு காரை 800 மீற்றர் கீழே இறக்கும்போது வெளிப்படும் சக்தி, 28 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை ஒன்றில் எஞ்சின் தாங்கவேண்டும், இல்லாவிட்டால் பிரேக் தாங்கவேண்டும். கியரை நியூட்ரலில் விட்டு பெற்றோல் மிச்சம் பிடிக்கும் சாரதி, அந்தக் கொதிநீர் முழுவதையும் சில கிலோ இரும்பிலும் நான்கு சோடிப் பட்டையிலும் ஊற்றுகிறார்.

சூடு ஏறினால் இரண்டு விதமாகப் பிரேக் போகும். ஒன்று, பட்டை வழுக்கத் தொடங்கும். கால் இறுக்கமாக இருக்கும், வண்டி நிற்காது, எரிந்த மணம் வரும். மற்றது பிரேக் ஒயில் கொதிப்பது. புதிய டொட் 3 ஒயில் 205 பாகை செல்சியஸ் வரை தாங்கும். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். உறிஞ்சிய பின் அந்த அளவு 140 பாகைக்கு இறங்கிவிடும். மாதக்கணக்கில் மூடுபனியும் மழையும் உள்ள ஊரில், ஐந்து வருடமாக மாற்றாத ஒயிலோடு ஓடும் கார்கள் எத்தனை! கொதித்தால் குழாய்க்குள் ஆவி நிரம்பும், ஆவி அமுங்கும், பெடல் தரைவரை போகும். எனக்கே ஒருமுறை பேராகலை இறக்கத்தில் அது நடந்தது. மச்சானின் கார், பெரிய சில்லு மாட்டியது. பெடல் கீழே போனதும் இரண்டாம் கியருக்கு இழுத்து, கைப்பிரேக்கை மெல்ல மெல்லப் பிடித்து, மலைப்பக்கக் கானில் சில்லை இறக்கி நிறுத்தினோம். அரை மணிநேரம் கழித்துப் பெடல் ஒன்றும் நடக்காதது போல இறுகி நின்றது. அதுதான் இதில் மோசமான பகுதி. ஆறியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துத் திரும்ப ஓட்டுவார்கள்.

பெரிய சில்லு இதை இன்னும் மோசமாக்குகிறது. பாரமான சில்லைச் சுழற்றவும் கூடுதல் பலம் வேண்டும், நிறுத்தவும் கூடுதல் பலம் வேண்டும். வேகத்தின் கணக்கும் நேர்க்கணக்கல்ல. மணிக்கு 40 கிலோமீற்றரில் வரும் காரை நிறுத்துவதைவிட 60இல் வரும் காரை நிறுத்த இரண்டேகால் மடங்கு சக்தியைப் பிரேக் விழுங்கவேண்டும். ஆகவே கையில் காசு இருந்தால் எஞ்சினுக்குப் போகுமுன் பிரேக்குக்குப் போங்கள். டொட் 4 ஒயில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றம், நல்ல பட்டை, மழைக்கு ஏற்ற ஆழமான வெட்டுள்ள டயர். இவை எதுவும் படத்தில் தெரியாது, சத்தமும் போடாது. ஏறிய அதே கியரில் இறங்குங்கள். தன்னியக்கக் கியர் என்றால் எல் அல்லது பி என்று எழுதியுள்ள இடத்துக்கு மாற்றுங்கள். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் சமதரையில் இருபது வருடம் ஓட்டிய அனுபவம் இங்கே செல்லாது. ஏ-9இல் கியரைக் குறைக்கத் தேவையே வந்திருக்காது.

2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில், தங்காலையிலிருந்து வந்த சுற்றுலா பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். 2021 மார்ச் 20இல் பசறை 13ஆம் கட்டையில் லுணுகலையிலிருந்து புறப்பட்ட பஸ் விழுந்ததில் குறைந்தது 14 பேர். பதுளைக்காரர்களுக்கு இவை வெறும் எண்கள் அல்ல, தெரிந்த வீடுகள்.

இனிப் பத்திரங்கள். 2009க்குப் பிறகு வன்னியில் துருப்பிடித்த வாகனக் குவியல்களுக்கு நடுவே தன் மோட்டார் சைக்கிளையும் லான்ட்மாஸ்டரையும் தேடியவர்களுக்கு, செசி இலக்கத்தின் மதிப்பை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எஞ்சினை மாற்றினால், நிறத்தை மாற்றினால், உடல் அமைப்பை மாற்றினால் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அறிவித்துப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றவேண்டும். பலர் செய்வதில்லை. புத்தகத்தில் ஒரு எஞ்சின் இலக்கம், காரில் வேறொன்று என்றால், வீதிச் சோதனையில் அது களவுக் காராகவே பார்க்கப்படும். தமிழ்ப் பெயரோடு, சிங்களம் சரியாகப் பேச வராமல், அந்தக் காரில் நிற்பது எப்படியிருக்கும் என்பதையும் யோசியுங்கள். 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா திட்டத்தோடு பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிக அலங்காரங்களைக் கழற்றச் சொன்னபோது சங்கங்கள் எதிர்த்துப் பேசின. தனிக் கார்க்காரருக்குச் சங்கம் இல்லை.

லீசிங்கில் எடுத்த கார் என்றால் இன்னொரு சிக்கல். கடைசித் தவணை கட்டும்வரை புத்தகத்தில் முழுமையான உரிமையாளர் என்று இருப்பது நிறுவனத்தின் பெயர். அவர்கள் சம்மதமில்லாமல் எஞ்சினில் கைவைக்க உங்களுக்கு உரிமை இல்லை. காணி உறுதி இல்லாத தோட்டக் குடும்பங்களுக்கு வங்கிக் கடன் கிடைப்பது கடினம், அதனால் வாகனத்தையே பிணையாக வைக்கும் லீசிங்கில்தான் போய் விழுகிறார்கள். லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் நிலுவைக் கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, வாகனத்தைப் பறிக்க வரும் அன்றுதான் விடயம் தெரியவருவதும் உண்டு. எனவே தவணை நிலவரத்தைக் கடிதத்துக்குக் காத்திராமல் தொலைபேசியில் மாதாமாதம் கேட்டுக்கொள்ளுங்கள், ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

காப்புறுதி வாங்கும்போது காரில் செய்த மாற்றங்களை எழுத்தில் சொல்லிவிடவேண்டும். டர்போ பூட்டியதை மறைத்தால், விபத்துக்குப் பிறகு வரும் மதிப்பீட்டாளர் பொனற்றைத் திறந்ததுமே கண்டுபிடித்துவிடுவார், கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம். பந்தயத்தில் ஏற்படும் சேதத்தைச் சாதாரண காப்புறுதி ஏற்காது. நண்பர்கள் இருவர் வெலிமடை வீதியில் ஒருவரையொருவர் விரட்டியதையும் அது பந்தயம் என்றே எடுத்துக்கொள்ளும்.

பந்தயம் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்காதீர்கள், தடுப்பு இருந்தாலும். கட்டுப்பாட்டை இழக்கும் கார் வளையாது, தான் வந்த திசையிலேயே நேராகப் போகும். உள்பக்கத்து உயரமான மேட்டில், பாதையிலிருந்து நன்றாகத் தள்ளி, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மஞ்சள் கொடி அசைந்தால் கவிழ்ந்த காரைப் படம் எடுக்க முன்னால் ஓடாமல், பின்னால் நகருங்கள்.