குண்டானும் ஒரு பிடி மக்காச்சோளமும்

ரஞ்சன்குடிக் கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் மக்காச்சோளத்துக்குப் பஞ்சமில்லை. பெரம்பலூர் மாவட்டத்தின் முக்கியப் பயிர்களில் ஒன்று அது. காய்ந்த முத்து ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டு ஆட்டினால் கிலுகிலுப்பை தயார். திருவிழாக் கடைகளில் விற்ற பனையோலைக் கிலுகிலுப்பைக்குள்ளும் இருந்தது சிறு கல்தானே! மக்காச்சோளத்துக்குப் பதில் கம்பு போட்டால் சத்தம் தூறலாக மாறும். துவரம்பருப்பு இரண்டுக்கும் நடுவில். மூன்று டப்பாக்களையும் முன்னால் வைத்துவிட்டால், குழந்தை ஒன்றை விட்டு இன்னொன்றை எடுத்து ஆட்டிக்கொண்டே இருக்கும். மூடியை மட்டும் டேப் சுற்றி ஒட்டிவிடுங்கள். முத்து வாய்க்குள் போனால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

தாளம் நாம் சொல்லிக்கொடுத்துத்தான் வர வேண்டும் என்பதில்லை. பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைகள் தூங்கும்போது மேள ஒலியைக் கேட்கவைத்து ஹங்கேரியில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2009இல் அது வெளியானது. முக்கியமான அடி விழ வேண்டிய இடத்தில் விழாமல் போனதும், தூக்கத்திலேயே குழந்தைகளின் மூளை அலை மாறியது.

நம் புலவர்களும் குழந்தையைக் கூர்ந்து பார்த்தவர்கள்தான். பிள்ளைத்தமிழில் சப்பாணிப் பருவம் கைகொட்டுவதற்கானது. ஒன்பதாம் மாதத்தை ஒட்டி வைப்பார்கள். அதற்கு முந்தியது தால். தால் என்றால் நாக்கு. தாலாட்டு என்ற சொல்லுக்கும் அதுவே வேர் என்பார்கள். சிறுபறை வெகு பின்னால், ஒன்பதாவது பருவமாக வருகிறது. முதலில் அம்மாவின் குரல், பிறகு தன் கை, அப்புறம்தான் கருவி. பிறந்தநாளுக்கு பேட்டரி கீபோர்டு வாங்கத் துடிக்கும் மாமாக்களிடம் இந்த வரிசையைச் சொல்லலாம்.

விளையாட்டு எளிது. குண்டானைக் கவிழ்த்து வைத்து, குழந்தையிடம் ஒரு மரக்கரண்டியைக் கொடுங்கள். எவர்சில்வர் கரண்டி வேண்டாம், காது வலிக்கும். குழந்தை இரண்டு அடி அடித்தால் நீங்களும் இரண்டு அடித்துவிட்டு நிறுத்துங்கள். இப்படி நிறுத்துவதுதான் கஷ்டம். பெரியவர்களுக்குக் கை சும்மா இருக்காது. கொஞ்சம் பொறுத்தால் குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும், மறுபடி அடிக்கும். நீங்கள் ஒன்று கூட்டி அடித்தால் சிரிக்கும்.

பேச்சு வந்துவிட்டால் மிருதங்கச் சொற்களையே விளையாட்டாக்கலாம். தகிட என்றால் மூன்று தட்டு, தகதிமி என்றால் நான்கு. இரண்டையும் சேர்த்தால் ஏழு. எண்ணச் சொல்லாதீர்கள், வாயால் சொல்லித் தொடையில் தட்டினால் போதும்.

நாலைந்து வயதில் பீங்கான் கிண்ணங்களை எடுக்கலாம். சீதா துரைசாமி மேடையில் வாசித்த ஜலதரங்கத்தின் சூட்சுமம் இதுதான்: கிண்ணத்தைத் தட்டும்போது அதன் சுவர் அதிர்கிறது. தண்ணீர் கூடக் கூட அந்தச் சுவர் சுமை தாங்கி மெதுவாக அதிரும், ஒலி தாழும். அதே தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வாயருகே ஊதிப் பார்த்தால் கதை தலைகீழ். அங்கே அதிர்வது உள்ளிருக்கும் காற்று. தண்ணீர் ஏறினால் காற்றுக்கு இடம் குறையும், ஒலி உயரும். ஏன் இப்படி என்று பிள்ளை கேட்கும். நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் பாதித் தண்ணீர் தரைக்கு வந்திருக்கும். பழைய துணி ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.