முளைகட்டி நடும் அவரையும் பட்டாணியும்

அவரை, பீன்ஸ், பட்டாணி எதுவானாலும் காய்ந்த விதையை நேரே மண்ணில் ஊன்றினாலும் முளைக்கும். ஆனால் அடைமழை நாளிலும், கொடைக்கானல், ஊட்டி போன்ற குளிர்ந்த ஊர்களிலும் பாதி விதை மண்ணுக்குள்ளேயே அழுகிப்போவதுண்டு. காரணம் விதைக்குள்ளேயே இருக்கிறது.

விதை காயும்போது அதன் செல்களைச் சுற்றியுள்ள சவ்வுகள் ஒழுங்கு குலைந்துவிடுகின்றன. தண்ணீர் பட்டதும் அவை சீராகச் சிறிது நேரமாகும். அதற்குள் விதையிலிருக்கும் சர்க்கரை வெளியே கசிகிறது. குளிர்ந்த மண்ணில் கசிவு இன்னும் அதிகம். பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் அதைத் தேடி வந்து விதையைப் பிடித்துக்கொள்கின்றன. தோல் கீறிய விதை முதலில் அழுகுவதும் இதனால்தான். முளைகட்டும்போது இந்த ஆபத்தான நேரத்தை விதை நம் வீட்டு வெதுவெதுப்பிலேயே கடந்துவிடுகிறது.

இரவில் ஊறவைத்துக் காலையில் வடித்துவிட வேண்டும். பட்டாணி ஏறக்குறைய தன் எடையளவுக்குத் தண்ணீர் குடிக்கும். அதற்கு மேலும் மூழ்கியே கிடந்தால் காற்றில்லாமல் செத்துவிடும். முளைக்கிற விதை மூச்சுவிடுகிற உயிர். ஊறாமல் கல்லாகவே கிடப்பவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். தோல் தண்ணீரை உள்ளே விடவில்லை, அவ்வளவுதான். காயோடு ஒட்டியிருந்த தழும்பு இல்லாத பக்கத்தில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவைத்தால் போதும்.

வடித்ததை ஈரத்துணியில் தளர்வாக மூடி வைத்தால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். கால் அங்குலம் வந்ததும் நட்டுவிடுவது நல்லது. நீண்டுவிட்டால் துணியில் சிக்கி நுனி ஒடியும். வேர் எந்தப் பக்கம் என்று கவலைப்பட வேண்டியதில்லை. வேர்நுனியிலுள்ள மாவுமணிகள் கீழ்நோக்கிப் படிந்து திசை காட்டிவிடும். உயிருள்ள விதை எது என்று நடும் முன்பே தெரிந்துவிடுவதுதான் இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது. குழிக்கு மூன்று விதை போட்டுவிட்டுப் பிறகு களைய வேண்டியதில்லை.

மண்ணுக்குள் போனதும் இரண்டின் வழியும் வேறு. பட்டாணி தன் பருப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுக் குருத்தை மட்டும் அனுப்புகிறது. குருத்தைப் பறவை கொத்தினாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். அவரையும் பீன்ஸும் இரண்டு பருப்பையும் வளைந்த கழுத்தால் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். மேல்மண் இறுகியிருந்தால் அந்தக் கழுத்து ஒடிந்துவிடும். அதனால் பாத்தியை நடுவதற்கு முன்பே நனைத்துவிட்டு, ஓர் அங்குல ஆழத்தில் வைத்துப் பொலபொலப்பான மண்ணால் மூடி, முளை வெளியே வரும்வரை பூவாளியால் மட்டும் தெளிக்க வேண்டும்.