உங்களுக்குத் தெரியுமா? ஆடுதுறைக்குச் சும்மா, குத்தாலத்துக்கு இ-பாஸ்!

2020 கொரோனா ஊரடங்கில், ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை, திருவிடைமருதூர்க்காரர் அதே மாவட்டத்திலுள்ள ஆடுதுறைக்குச் சும்மா போய்வரலாம். அதைத் தாண்டிக் குத்தாலம் போவதென்றால் இ-பாஸ் அனுமதி வேண்டும். குத்தாலம் அப்போது நாகப்பட்டினம் மாவட்டமாயிற்றே! மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் பஸ்களும், மாநிலத்துக்குள் ஓடும் சில சிறப்பு ரயில்களும் செப்டம்பர் 7-இல்தான் திரும்பின.

மூடிக் கிடந்த பள்ளிகளின் பாடமோ, 2019 ஆகஸ்ட் 26-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சிக்குக் குடிபோனது. சீரியல் பார்த்த பெட்டியில் கணக்குப் பாடம்; பிள்ளைகளுக்கு எவ்வளவு பிடித்ததோ!

2020 ஜூன் 12-இல், எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மேட்டூர் அணை உரிய நாளில் திறந்தது. அந்தத் தண்ணீரை நம்பிய குறுவை நெல் நடவை ‘வீட்டிலிருந்தே’ பார்க்க முடியுமா? விவசாய வேலைக்கு ஊரடங்கிலும் விலக்கு இருந்தது.