ஹேவ்லாக் காட்டில் இலை உதிரும் மாதம்

(நமது அந்தமான் நிருபர்)

மாசி மாதத்தில் ஹேவ்லாக் தீவின் கரையோரமாக நடந்து போகிறவர்கள், வாதாங்கொட்டை மரங்கள் சிவந்து நிற்பதைக் காண்பார்கள். அகன்ற இலைகள் செம்பு நிறமும் குங்கும நிறமுமாக மாறி மணலில் உதிர்ந்து கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் அவற்றைப் பொறுக்கி வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம்மவர்களுக்கு அது அதிசயமல்ல. ராமநாதபுரத்திலும் மதுரையிலும் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கல்லெறிந்து, கொட்டையை உடைத்துத் தின்ற அதே மரம்தான். சென்னைக்காரர்கள் பாதாம் மரம் என்பார்கள். நம் ஊரில் யாராவது நட்டால்தான் அது உண்டு. அந்தமானின் கடற்கரைக் காடுகளிலோ அது தானாகவே முளைத்து வளர்கிறது.

கரையை விட்டு உள்ளே திரும்பினால் வேறு காட்சி. மேட்டுப் பாங்கான காட்டில் சில மரங்கள் எலும்புக்கூடாய் நிற்கும். பக்கத்திலேயே குர்ஜன் மரங்கள் ஒரு இலையும் குறையாமல் பச்சைப் பசேலென்று நிற்கும். ஒரே மண், ஒரே வெயில். அப்படியிருக்க ஒன்று உதிர்ப்பானேன், மற்றொன்று உதிர்க்காமல் இருப்பானேன்? அதிலும் குறிப்பாக அந்த மாதத்தில் உதிர்ப்பானேன்? உலகம் சூடாகி வருகிறது என்று எல்லோரும் பேசும் இந்நாளில், இந்தக் கேள்விக்கு ஒரு தனி மதிப்பு வந்திருக்கிறது.

குளிர் அல்ல, வறட்சி

ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் போன்ற குளிர் நாடுகளில் அக்டோபர், நவம்பரில் காடே மஞ்சளும் சிவப்புமாக மாறும். பாடப் புத்தகத்தில் நாம் படித்த 'இலையுதிர் காலம்' அவர்களுடையது. தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளான கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் ஆகியவற்றில் இலை உதிர்வதைச் சொல்லும் பெயர் ஒன்றும் இல்லை.

குளிர் நாட்டு மரத்துக்கு இரண்டு அறிவிப்புகள் வருகின்றன. முதல் அறிவிப்பு, பகல் பொழுது குறைவது. லண்டனில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்பது மணி நேர வித்தியாசம். அடுத்த அறிவிப்பு, குளிர். இரண்டும் கிடைத்ததும் மரம் இலையிலுள்ள சத்தைக் கிளைக்கு இழுத்துக்கொள்கிறது. வீடு காலி செய்கிறவன் பாத்திரம் பண்டங்களை முதலில் மூட்டை கட்டுவது மாதிரிதான். பச்சை நிறத்தைத் தரும் பச்சையம் சிதைகிறது. அதுவரை பச்சைக்குள் மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படி மறைந்திருப்பதல்ல. பல மரங்கள் கடைசி நாட்களில் அதைப் புதிதாக உண்டாக்குகின்றன. பிறகு காம்பின் அடியில் ஒரு மெல்லிய படலம் உருவாகி, இலை கழன்று விழுகிறது.

நம் வாதாங்கொட்டை இலை சிவப்பதும் இதே ரசாயனத்தால்தான். ஆனால் அறிவிப்பு வேறு. ஹேவ்லாக் ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில், கிட்டத்தட்ட சென்னைக்கு நேர் கிழக்கே இருக்கிறது. இங்கே ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம்கூடத் தேறாது. குளிரோ, கேட்கவே வேண்டாம். தை மாதத்து இரவிலும் போர்வை தேவைப்படாத ஊர். மாறுவது மழைதான். அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். மே மாதம் தொடங்கி டிசம்பர் வரை தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறிக் கொட்டுகின்றன. ஜனவரி பிறந்தால் வானம் வெளுத்துவிடும். பிப்ரவரி, மார்ச் இரண்டும் ஆண்டிலேயே மிக வறண்ட மாதங்கள்.

அந்த நாட்களில்தான் மரம் கணக்குப் போடுகிறது. ஒவ்வொரு இலையும் காற்றில் தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும் வாய். மேல் மண் காய்ந்த பிறகு அத்தனை வாய்களையும் வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. தீக்குச்சிக்குப் பேர்போன பப்பிதாவும், நம் ஊர் இலவ மரத்தின் உறவான தீடுவும் இலையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் கிளையில் பூக்கின்றன. அந்தமானின் மாநில மரமான படாக்கும் வெயில் காலத்தில் சில நாள் மொட்டையாக நிற்கும். குர்ஜனோ பழைய இலையையும் புது இலையையும் விட்டுவிடாமல் மாற்றிக்கொள்வதால் எப்போதும் பச்சையாகத் தெரிகிறது.

சூரியன் ஒரு கடிகாரம், மழை ஒரு கடிகாரம்

விஷயம் இத்தோடு முடிந்தால் எளிது: மழை நின்றால் இலை விழும், மழை வந்தால் இலை துளிர்க்கும். ஆனால் வெப்ப நாட்டு மரங்கள் பலவற்றில் துளிர் மழைக்குக் காத்திருப்பதில்லை. சித்திரை வெயில் கொளுத்தும்போது, மழைக்குப் பல நாள் முன்னதாகவே, புங்க மரமும் அரச மரமும் தளதளவென்று துளிர்த்து நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்தத் தண்ணீர் ஆழ வேரிலிருந்தும், இலையை உதிர்த்து மிச்சம் பிடித்த சேமிப்பிலிருந்தும் வருகிறது. பங்குனி, சித்திரையில் பகல் சில நிமிடங்கள் நீளுவதையே சில மரங்கள் அறிந்துகொண்டு துளிர் விடுகின்றன என்று 2002ஆம் ஆண்டு வெளியான ஒரு ஆராய்ச்சி கூறுகிறது. அரை மணி நேரத்துக்கும் குறைவான அந்த நீட்டிப்பு அவற்றுக்குப் போதுமானதாம்.

ஆக, மரத்துக்கு இரண்டு கடிகாரம். உதிர்ப்பதைப் பெரும்பாலும் மழைக் கடிகாரம் நடத்துகிறது. துளிர்ப்பதில் சூரியக் கடிகாரத்துக்கும் பங்கு உண்டு. சூரியக் கடிகாரம் ஒரு நிமிஷம்கூடப் பிசகாது. மழைக் கடிகாரம் அப்படியல்ல. பருவமழை வழக்கமாக அந்தமான் கடலைத் தொட்ட பிறகே ஜூன் 1 வாக்கில் கேரளத்துக்குப் போகும். 2025இல் அது மே 13ஆம் தேதியே நிக்கோபாரை எட்டி, மே 24இல் கேரளத்தில் நுழைந்துவிட்டது. சில ஆண்டுகளில் நாள் தள்ளிப் போகிறது. கால அட்டவணையோடு புழங்குகிறவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இது: ஒரு வண்டி நேரத்துக்கு வந்து, இணைப்பு வண்டி தாமதமானால் அவதிப்படுவது நடுவில் நிற்கும் பிரயாணிதான். இங்கே நடுவில் நிற்பது இளந்துளிர். சேமிப்புத் தண்ணீரை நம்பித் துளிர்த்த மரத்துக்கு மழை நாள் கடந்து வந்தால், அந்தத் துளிர் வாடும். மரம் இரண்டாம் தடவை செலவு செய்ய வேண்டும்.

வெப்பம் கூடினால் இந்த இடைவெளி இன்னும் கடுமையாகும். இந்து மகா சமுத்திரத்தின் வெப்ப மண்டலப் பகுதியில் கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை ஏறத்தாழ 1 டிகிரி சூடேறியிருக்கிறது என்று மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. காற்று சூடாக இருந்தால் இலையிலிருந்தும் மண்ணிலிருந்தும் நீர் விரைவாகப் போகும். அதே மழை பெய்தாலும் காட்டுக்கு வறட்சி முன்னதாகவே வந்து சேரும்.

ஜப்பான்காரர்கள் எழுதி வைத்தார்கள்

குளிர் நாட்டில் வெப்பம் கூடினால் இலை மாறுவது தள்ளிப் போகும் என்பது பொது விதி. ஜப்பானிய வானிலைத் துறை 1953 முதல் ஊர் ஊராகக் குறிப்பிட்ட மேப்பிள் மரங்களைப் பார்த்து, சிவந்த தேதியை எழுதி வைத்திருக்கிறது. பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று நாள் வீதம் அந்தத் தேதி தள்ளிப் போய்க்கொண்டிருப்பது அந்தக் குறிப்பேடுகளால்தான் தெரியவந்தது. ஆனால் 2023இல் வந்த ஓர் ஆய்வு இதில் ஒரு திருப்பத்தைக் காட்டிற்று. ஜூன் 21க்கு முன் வெப்பம் கூடினால் இலை முதிர்வது முன்னதாகவே தொடங்குகிறது. அந்த நாளுக்குப் பின் கூடினால் தாமதமாகிறது. முற்பாதியில் வேகமாக உழைத்துவிட்ட மரம் சீக்கிரமே கடையைக் கட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எழுதி வைக்காத ஊரில் மரத்தையே ஏடாகப் படிக்க வேண்டியதுதான். இலை உதிர்த்து ஓய்வெடுத்த காலம் தேக்கு மரத்தின் உள்ளே வளையமாக நிற்கிறது. புணேயிலுள்ள இந்திய வெப்ப மண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் அந்த வளையங்களை அளந்து பழைய காலத்து மழையைக் கணக்கிடுகிறார்கள்.

கூலியைத் தொடும் இலை

இலை எப்போது விழுந்தால் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் பதில் சொல்வார்கள். நம்மவர்களில் அப்படிப்பட்டவர்கள் இங்கே உண்டு. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் 1970களில் நிக்கோபார் பகுதியின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்ட வேலைக்கென்று குடியேற்றப்பட்டனர். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து வந்தவர்களுக்கும் இது பழகிய சங்கதி.

ரப்பர் மரமும் வறண்ட மாதத்தில் இலையை உதிர்த்துவிட்டுப் புதிதாகத் துளிர்க்கும். அந்த வாரங்களில் பால் குறையும். பால் வெட்டுவதை நிறுத்தி வைப்பதும் உண்டு. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. உதிர்வது ஒழுங்காக, எல்லா மரத்திலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நடந்து முடிந்தால் நஷ்டம் சில வாரங்களோடு போகும். நடுவில் காலம் தப்பிய மழையோ மூடுபனியோ வந்தால் துளிர் பாதியாகவும் பழைய இலை பாதியாகவும் நிற்கும். அந்த இளந்துளிரில் சாம்பல் நோய் பற்றும். துளிர் மறுபடி விழும். வெட்டு இன்னும் தள்ளிப் போகும். தை, மாசி மழையைக் கண்டு நெல் விவசாயி கவலைப்படுவதை எல்லோரும் அறிவார்கள். ரப்பர்த் தொழிலாளியும் அதே மழையைக் கண்டு கவலைப்படுகிறான் என்பது பலருக்குத் தெரியாது.

ஹேவ்லாக்கில் ரப்பர் கிடையாது, தென்னையும் பாக்கும்தான். இங்கே தண்ணீர்தான் பிரச்னை. காடு காய்கிற மாதங்களும் சுற்றுலாக்காரர்கள் வருகிற மாதங்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. விடுதிகளில் வேலை பார்க்கும் நம் பையன்களுக்கு இது நன்றாகத் தெரியும். கரையில் ஊற்று இறங்குவதும், மேட்டுக் காட்டில் கிளை தெரிய ஆரம்பிப்பதும் ஒரே மண்ணின் ஈரம் சொல்லும் செய்தி. எந்தெந்த ஆண்டில் காடு சீக்கிரம் மொட்டையானது என்று ஒரு நோட்டு இருந்தால், எந்த ஆண்டில் தண்ணீருக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதற்கு அது ஒரு கைகாட்டியாக இருக்கும்.

எப்படிப் பார்ப்பது?

2018 டிசம்பரில் இந்தத் தீவுக்கு ஸ்வராஜ் துவீப் என்றும், 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்றும் அரசு பெயர் மாற்றிற்று. பெயர் மாறிய தேதி இப்படிப் பதிவாகிவிடுகிறது. இலை மாறிய தேதி பதிவாவது அபூர்வம். 'சீசன்வாட்ச்' என்ற திட்டம் இந்தியாவில் இதற்காகவே நடக்கிறது. கேரளத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளமானோர் இதில் சேர்ந்து மரங்களைக் கவனித்து வருகிறார்கள். காசும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். வாரம் ஒரு முறை, அதே மரத்தின் அடியில் நின்று, துளிர் எவ்வளவு, முற்றிய இலை எவ்வளவு, பழுத்த இலை எவ்வளவு, பூ, காய் உண்டா என்று குறித்தால் போதும். வீட்டுப் பக்கத்தில், வேலைக்குப் போகிற வழியில் உள்ள மரமாகப் பார்த்துத் தேர்ந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் மூன்றாம் வாரமே விட்டுப் போகும்.

கரையோரத்து மரத்தைத் தேர்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புயல் காற்று கடல் உப்பை வாரி அடித்தால் இலை ஓரம் கருகிப் பழுத்தது போலவே தோன்றும். 2016 டிசம்பரில் சுற்றுலாப் பயணிகள் ஊர் திரும்ப முடியாமல் ஹேவ்லாக்கில் சிக்கிக்கொண்டார்களே, பிறகு வர்தா என்ற பெயரில் சென்னையைத் தாக்கியதே, அது போன்ற புயலுக்குப் பின் விழும் இலையைப் பருவ உதிர்வோடு சேர்க்கக் கூடாது. உப்பில் கருகிய இலை காற்றடித்த பக்கத்தில் மட்டும் இருக்கும். பருவத்தில் பழுக்கும் இலை மரத்தின் எல்லாப் பக்கமும் சிவக்கும். வாதாங்கொட்டை சில இடங்களில் ஆண்டுக்கு இரண்டு தடவையும் உதிர்க்கும் என்பதால், இரண்டாவது தடவையை விட்டுவிடாமல் அதன் தேதியையும் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.