தாத்தாவின் ரிவால்வருக்கு உரிமம் வேண்டுமா?

பின்னலாடை ஏற்றுமதியின் நிமித்தம் திருப்பூரிலிருந்து அமெரிக்கா சென்று வரும் அன்பர்கள், அங்கே பழம்பொருள் அங்காடிகளில் உள்ளங்கைக்குள் அடங்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரிவால்வர்கள் தாராளமாக விற்கப்படுவதைக் கண்டு, நூறாண்டு கடந்த பொருளுக்குச் சட்டத் தடை ஏது என்று எண்ணிவிடுவது இயல்பே. பஞ்சு வியாபாரம் செய்த பாட்டனாரின் இரும்புப் பெட்டியில் அத்தகைய ஒன்று அகப்பட்டால், அதுவும் நகைநட்டுடன் சேர்ந்த குடும்பச் சொத்துத்தானே என்று வைத்துக்கொள்வோரும் உண்டு. இவ்விரு எண்ணங்களும் ஒரு நல்ல குடும்பத்தைக் குற்ற வழக்கில் கொண்டுபோய் நிறுத்தக் கூடியவை.

அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், 1898-ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட துப்பாக்கிகளைத் தொன்மை கருதி விலக்கி வைக்கிறது. நமது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ வயதை மட்டும் பார்த்து விலக்கு அளிப்பதில்லை. வழக்கொழிந்த அமைப்புடையதாகவோ, தொன்மை மதிப்புடையதாகவோ, பழுதுபட்டதாகவோ இருந்து, செப்பனிட்டாலும் செப்பனிடாவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படவே இயலாத ஆயுதத்துக்கு மட்டுமே அதன் 45-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1857-இல் வெளியிட்ட முதல் மாடலைப் பாருங்கள். விசையைச் சுற்றிக் காப்பு வளையம் இல்லை. குழலை மேல்நோக்கி மடித்து, உருளையைக் கழற்றி, ஏழு தோட்டாக்களை இட வேண்டும். உருளையின்மேல் 1855 ஏப்ரல் 3 என்ற காப்புரிமைத் தேதி பொறித்திருக்கும். பார்வைக்கு விளையாட்டுப் பொருள்போல் தோன்றினும், அதற்கென உருவான .22 ஷார்ட் தோட்டா இன்றும் உற்பத்தியாகிறது. ஒரு சுருள்வில்லை மாற்றினால் சுடும் என்றால், அது சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியே. கருமருந்துக்கென வார்த்த பழைய உருளையில் நவீனத் தோட்டாவை இட்டுச் சுட்டால், அது வெடித்துச் சுடுபவரின் கையையே சிதைத்துவிடக் கூடும்.

உரிமமின்றி அத்தகைய ஆயுதம் வைத்திருப்பவருக்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத, ஐந்து ஆண்டுகள் வரை நீளக்கூடிய சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. உரிமம் பெற்றவரும், பரம்பரை ஆயுதம் உட்பட, பொதுவாக இரண்டுக்கு மேல் வைத்திருக்க இயலாது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர 10-ஆம் பிரிவின்கீழ் உரிமம் வேண்டும். பாலிஷ் போடுகிறோம் என்று ஆயுதத்தின் அடையாள எண்ணையும் முத்திரையையும் தேய்த்தழிப்பதும் குற்றம். நூறாண்டு கடந்த பொருளைத் தொல்பொருள் என்ற முறையில் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

இவ்வளவு கட்டுப்பாடுகளுக்கிடையிலும் பிரஜைக்குரிய உரிமைகளும் பரிகாரங்களும் இல்லாமலில்லை. உரிமதாரர் காலமான பின் அவருடைய சட்டபூர்வ வாரிசு உரிமம் கோரலாம். உரிமதாரர் எழுபது வயதை எட்டினாலோ, ஆயுதத்தை இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தாலோ, தம் ஜீவிய காலத்திலேயே வாரிசை நியமிக்க 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் இடந்தருகின்றன. மனுவை மாநகரக் காவல் எல்லைக்குள் காவல் ஆணையரிடமும், பிற பகுதிகளில் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுக்க வேண்டும். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்கவும், 18-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யவும் உரிமை உண்டு. உரிமம் காலாவதியான ஆயுதத்தைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெறுங்கள். குறித்த காலத்துக்குள் திரும்பப் பெறவோ முறைப்படி விற்கவோ தவறினால் அது அரசுக்குப் பறிமுதலாகும்.

பெட்டியில் எதிர்பாராமல் ஒன்று கிடைத்தால், அதன் விசையை இழுத்துப் பார்க்காதீர்கள். தோட்டா உள்ளே இருப்பதாகவே கருதுங்கள். குழந்தைகளை விலக்கி, வழக்கறிஞரைக் கலந்து, காவல் நிலையத்துக்கு உடனே தகவல் கொடுங்கள். சுட இயலாதது என்று நீங்களாகத் தீர்மானிக்காமல், நிபுணரின் பரிசோதனையையும் அதிகாரியின் எழுத்துப்பூர்வமான பதிலையும் பெறுங்கள். சரித்திரப் பொருளைப் பேணும் ஆசை உயர்ந்தது. அந்த ஆசையால் பிள்ளைகளுக்கு வழக்கைச் சொத்தாக விட்டுச் செல்லாதிருக்க, காகிதங்களை இன்றே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.